தொப்பிக்காரர் வீடும் தச்சர் போட்ட கீறலும்

அல்சாஸில் இருக்கும் கொல்மார் என்ற ஊருக்குப் போகிறவர்கள் தவறாமல் ஒரு வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வணிகர் தெருவின் மூலையில் இருக்கிறது அது. ஃபிஸ்டர் வீடு என்று பெயர், கட்டிய ஆண்டு 1537. கட்டியவர் பிரபுவும் இல்லை, பாதிரியாரும் இல்லை. பெசான்சோன் பக்கத்திலிருந்து வந்து கொல்மாரில் தங்கிவிட்ட லுட்விக் ஷெரர் என்ற தொப்பிக்காரர்.

அல்சாஸ் என்றால் பிரான்சின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் ரைன் ஆறு, மறு பக்கம் வோஜ் மலை, நடுவில் திராட்சைத் தோட்டங்கள். ஷெரர் காலத்தில் அது பிரான்சே இல்லை. ஜெர்மானியப் பேரரசுக்குள் இருந்தது, கொல்மார் அதில் ஒரு சுதந்திர நகரம். வீட்டுச் சுவரில் அந்தப் பேரரசர்களின் முகங்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பைபிள் காட்சிகளும் உண்டு, பைபிளுக்குச் சம்பந்தமில்லாதவையும் உண்டு. கீழே கல் வளைவுகள். மூலையில் இரண்டு மாடி உயரத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் மாடம். அதற்கு மேல் வீட்டைச் சுற்றி ஓடும் மரத் தாழ்வாரம். பக்கத்தில் படிக்கட்டை உள்ளே வைத்த எட்டுப் பட்டைக் கோபுரம். மொத்தத்தில் ஒரு சின்ன அரண்மனை.

தொப்பி விற்று இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஷெரரின் பணம் வெள்ளியிலிருந்து வந்தது. கொல்மாருக்கு வடமேற்கே லியேப்வ்ர் பள்ளத்தாக்கில் அப்போது வெள்ளிச் சுரங்கங்கள் கொழித்துக்கொண்டிருந்தன. அந்த வியாபாரத்தில் கைவைத்துத்தான் மனிதர் பணக்காரரானார். இன்றைக்கு வீட்டுக்கு அவர் பெயர்கூட இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஐம்பது ஆண்டு குடியிருந்து, வீட்டைச் செப்பனிட்ட ஃபிஸ்டர் குடும்பத்தின் பெயர்தான் நிலைத்துவிட்டது.

அல்சாஸின் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூரிலும் இதே கதைதான். பெரிய தேவாலயத்துக்கு எதிரில் நிற்கும் கம்மர்செல் வீட்டை மரச் செதுக்கு வேலையின் உச்சம் என்பார்கள். 1571ல் அதை வாங்கியவர் மார்ட்டின் பிரவுன் என்ற பாலாடைக்கட்டி வியாபாரி. 1467ஆம் ஆண்டுக் கல் கீழ்த்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே இருந்ததைக் கழற்றிவிட்டு, 1589ல் மூன்று மர மாடிகளை எழுப்பினார். வீட்டுக்குப் பெயர் தந்தவர் அவரும் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் அங்கே கடை வைத்திருந்த ஒரு மளிகைக்காரர்.

வேலை நிமித்தம் ஸ்ட்ராஸ்பூரில் இருந்த காலத்தில் இந்த வீடுகளைச் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறேன். அழகில் மயங்கியெல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. கைவினைஞர் வீடு என்று சொல்லிக் காட்டுகிறார்களே, இதில் கைவினைஞர் எங்கே? பணம் போட்டவர் பெயர் தெரிகிறது. அந்த மரத்தை வெட்டி, இழைத்து, பொருத்தி, செதுக்கியவர் யார், அவர் தன்னைப் பற்றி எதையாவது விட்டுவிட்டுப் போனாரா? இதற்குப் பதில் தேட, வீடு எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அல்சாஸ் மர வீட்டில் சுவர் எதையும் தாங்குவதில்லை. தாங்குவதெல்லாம் சட்டகம்தான். கீழே வோஜ் மலைக் கல்லில் ஒரு அடித்தளம், சில வீடுகளில் கீழ்த்தளம் முழுவதுமே கல். மண் ஈரம் மரத்தைத் தொடக் கூடாது என்பதற்காக. அதன் மேல் படுக்கைவாட்டில் ஒரு கனத்த ஓக் கட்டை. அதில் தூண்கள், தூண்களுக்கு இடையில் குறுக்குச் சட்டங்கள், சாய்வுக் கட்டைகள், தலைக்கு மேல் மறுபடி ஒரு படுக்கைக் கட்டை. ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்கு ஏற்ற நாக்கு. உள்ளே செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவார்கள். சட்டகத்தில் இரும்புக்கு அநேகமாக வேலையே இல்லை. கட்டங்களுக்கு நடுவில் குச்சிகளை நட்டு, மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு. சுவர் என்று நாம் பார்ப்பது வெறும் அடைப்பு.

ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே வேலை செய்துவிடுவார்கள். காய்ந்துவிட்டால் உளி தாங்காது. பச்சை மரம் வீட்டில் நின்றபடியே காய்ந்து, முறுக்கி, மூட்டுகளை இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஐந்நூறு வருட வீடுகள் கோணல்மாணலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய முறையில் தூண்கள் தரையிலிருந்து கூரை வரை ஒரே நீளமாக ஓடும். பிறகு மாடிக்கு மாடி தனிச் சட்டகமாக, ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி வைப்பதுபோலக் கட்டத் தொடங்கினார்கள். அவ்வளவு நீள மரம் தேட வேண்டாம் என்பது ஒரு லாபம். மேல் மாடியைக் கீழ் மாடியை விடச் சற்று வெளியே தள்ளலாம் என்பது பெரிய லாபம். தெருவில் நிலம் வாங்காமலேயே மாடியில் இடம் கிடைக்கும், கீழ்ச் சுவரும் மழைக்குத் தப்பும். ஆனால் எல்லோரும் இதையே செய்தால் எதிரெதிர் வீடுகளின் மாடிகள் முட்டிக்கொள்ளும், ஒரு வீட்டில் பிடித்த தீ தெருவைத் தாண்டிவிடும். 1298ல் ஸ்ட்ராஸ்பூர் ஒரு பெரிய தீயில் சிக்கியது. எவ்வளவு தூரம் தள்ளலாம் என்ற அளவைத் தேவாலயச் சுவரிலேயே செதுக்கி வைத்துவிட்டார்கள். ‘மாடி நீட்டுவதற்கான அளவு இது’ என்ற பொருளில் ஒரு வரியும் அதன் அருகே உண்டு. கம்மர்செல் வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்கும் கூட்டம் தேவாலயத்தின் தெற்குப் பக்கம் போய் இதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எனக்கென்னவோ அந்த நகரத்துச் செதுக்கல்களில் இதுவே பிடித்தமானது. பிளாட் வாங்கி பால்கனியை நீட்டியவர்களுக்குப் புரியும்.

சரி, செதுக்கு வேலைக்கு வருவோம். சட்டகம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் எங்கே செதுக்கலாம், எங்கே கூடாது என்பதும் விளங்கிவிடும். தூணுக்குள் துளைகள் ஓடுகின்றன. அங்கே ஆழமாக உளி வைத்தால் மூட்டு பலவீனமாகும். அதனால் தூணின் வெளிமுகத்தில் மட்டும், அதுவும் மூட்டுகளுக்கு இடைப்பட்ட நீளத்தில்தான் வேலை. மூலைத் தூணில் வேலை கொஞ்சம் தாராளம். இரண்டு சுவர்களும் அதில் வந்து சேர்வதால் அது மற்ற தூண்களை விடக் கனமான மரம், செதுக்கிய பிறகும் பாரம் தாங்க மிச்சம் இருக்கும். இரண்டு தெருவிலிருந்து வருகிறவர்கள் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். வலுவும் விளம்பரமும் ஒரே இடத்தில் கூடிவந்தால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? கயிறு முறுக்கியதுபோன்ற மெல்லிய தூண்கள், திராட்சைக் கொடி, செதில் வரிசை, ஆறு இதழ் வட்டப்பூ, பல்லிளிக்கும் முகங்கள் எல்லாம் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அடுத்த இடம் ஜன்னல். அல்சாஸின் வசதியான வீடுகளில் ஜன்னல் சட்டத்தைச் சுவரை விட்டு ஒரு சாண் முன்னே தள்ளி, தனிப் பெட்டிபோலச் செய்வார்கள். பாரம் தாங்கும் வேலை அதற்குக் குறைவு, எனவே செதுக்குபவருக்குக் கை கட்டு இல்லை. கம்மர்செல் வீட்டில் நடந்திருப்பது இதன் அதீதம். எழுபத்தைந்து ஜன்னல்கள், எல்லாம் பாட்டில் அடி போன்ற வட்டக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்தவை. ஜன்னலுக்கு ஜன்னல் இடையே உருவங்கள். ட்ராய் நகரத்து ஹெக்டர், ஜூலியஸ் சீசர், சார்லமேன் என்று ஐரோப்பா கொண்டாடிய வீரர்கள் ஒரு பக்கம். ஐந்து புலன்கள், பன்னிரண்டு ராசிகள், குழந்தையிலிருந்து கிழவர் வரை மனித வயதின் படிகள், வாத்தியக்காரர்கள் மறுபக்கம். மூலைத் தூணில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்று கிறிஸ்தவ நற்குணங்கள் பெண் வடிவில்.

ஒரு பாலாடைக்கட்டி வியாபாரிக்கு ஹெக்டர் எதற்கு? அச்சுப் புத்தகம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள் பட்டறை பட்டறையாகக் கைமாறின. வீரர்கள், புலன்கள், ராசிகள், வயதுகள் எல்லாமே அந்தப் படங்களில் வரிசை வரிசையாகக் கிடைத்த விஷயங்கள். வீட்டுக்காரர் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தார் என்றால் தன்னைப் படித்தவர் என்று ஊருக்குக் காட்ட நினைத்தார் என்றுதான் அர்த்தம். தேவாலயத்துக்கு நேர் எதிரே அந்த வீடு நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லில் கடவுளுக்குச் செய்ததை, மரத்தில் தனக்குச் செய்துகொண்டார் பிரவுன். எனக்கு அந்த வீடு கொஞ்சம் அதிகப்படிதான். ஒவ்வொரு அங்குலத்திலும் ஏதோ ஒன்று பேசிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்கு ஓய்வே கிடையாது.

கொல்மாரில் ஃபிஸ்டர் வீடு இருக்கும் அதே தெருவில் ‘சும் க்ராகன்’ என்ற வீடு இருக்கிறது. அதன் மூலைத் தூணில் ஒரே ஒரு ஆள். துணி வியாபாரி. ஹெக்டரும் இல்லை, ராசியும் இல்லை, அன்றைய உடுப்பில் அன்றைய மனிதர் ஒருவர் தன் கடை மூலையில் நிற்கிறார். இந்த வகையில் இதுவே எனக்குப் பிடித்தது. சுதந்திரதேவி சிலையைச் செய்த பார்த்தோல்டி 1834ல் பிறந்ததும் இதே தெருவில்தான். சின்ன வயதில் அவர் இந்தத் துணிக்காரரைப் பார்த்தபடி நடந்திருப்பார். கொஞ்சம் தள்ளி ‘தலைகள் வீடு’ என்று ஒன்று உண்டு. 1609ல் அன்டோன் பர்கர் என்ற வணிகருக்காகக் கட்டியது, முகப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள். அதன் உச்சியில் நிற்கும் பீப்பாய்க்காரர் சிலை பார்த்தோல்டி செய்து 1902ல் ஏற்றியது. அந்த வீடு அப்போது மது வியாபாரச் சந்தையாக மாறியிருந்தது. வணிகர் கட்டிய வீட்டின் தலைமேல் ஒரு தொழிலாளி ஏற முன்னூறு ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாய்வுக் கட்டைகளும் குறுக்குக் கட்டைகளும் சேர்ந்து, கை கால் விரித்து நிற்கும் ஆள்போல ஒரு வடிவம் வரும். இங்கே அதை ‘மனிதன்’ என்றே சொல்வார்கள். அது வீட்டுக்காரரின் வலிமையைக் குறிக்கிறதாம். சாய்சதுரம் பிள்ளைப்பேற்றுக்காம். வளைந்த கட்டைகளைக் குறுக்கே போட்டு மடக்கு நாற்காலிபோல வரும் வடிவம், நீதிபதியோ அதிகாரியோ குடியிருந்ததற்கு அடையாளமாம். சுவர் வண்ணத்துக்கும் கதை உண்டு: நீலம் கத்தோலிக்கர், சிவப்பு புராட்டஸ்டன்ட் என்பார் ஒருவர். நீலம் தச்சர், சிவப்பு கொல்லர், மஞ்சள் ரொட்டிக்காரர் என்பார் இன்னொருவர். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. எனக்கு இவற்றில் எதிலும் நம்பிக்கை இல்லை. சாய்வுக் கட்டை இல்லாவிட்டால் சட்டகம் காற்றில் சரிந்துவிடும், அதற்குத்தான் ‘மனிதன்’. சாய்சதுரமும் வளைகட்டையும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சின்னக் கட்டத்தை இறுக்கவும் அழகாகக் காட்டவும் போட்டவை. மரம் நிறைய வாங்க முடிந்தது என்பதையும் அவை சொல்கின்றன. இன்று நாம் பார்க்கும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் பெரும்பாலானவை பயணிகள் கூட்டம் வரத் தொடங்கிய பிறகு வந்தவை. பல்லிளிக்கும் முகங்களை மட்டும் தள்ள மாட்டேன். பொறாமைக் கண்ணை விரட்ட முகம் வைப்பது ஜெர்மன் பேசும் ஊர்களில் பரவலாக இருந்த பழக்கம்.

கற்பனை தேவைப்படாத சின்னங்களும் இருக்கின்றன, அவைதான் என்னை இழுத்தவை. திராட்சைப் பாதைக் கிராமங்களில், ரிக்வீர், எகிஷைம், பெர்க்ஹைம் போன்ற ஊர்களில், வாசல் வளைவின் நடுக்கல்லைப் பாருங்கள். ஒரு கேடயம், அதில் ஒரு கருவி. வளைந்த சிறு கத்தி என்றால் திராட்சைக் கொடி வெட்டுபவர். சுத்தியும் பீப்பாயும் என்றால் பீப்பாய்க்காரர். முறுக்கு வடிவில் ரொட்டி என்றால் அடுமனைக்காரர். மாட்டுத் தலையும் கோடரியும் என்றால் இறைச்சிக்காரர். பல்சக்கரம் மாவரைப்பவருக்கு, குதிரை லாடம் கொல்லருக்கு. இங்கே ஹெக்டர் கிடையாது, காலையில் கையில் எடுக்கும் சாமான்தான். பிரபுக்களுக்குக் குலச்சின்னம் இருந்ததல்லவா, அதே கேடயத்தை எடுத்து அதில் தன் உளியையோ கத்தியையோ வைத்துக்கொண்டார்கள். இதில் உள்ள திமிர் எனக்குப் பிடிக்கும்.

இந்தத் திமிருக்குப் பின்னால் அமைப்பு பலம் இருந்தது. ஸ்ட்ராஸ்பூரில் தொழிற்குழுக்கள் இருபது. இறைச்சிக்காரர், ரொட்டிக்காரர், தோல்காரர், தச்சர், படகோட்டி என்று ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு குழுவில் இருந்தாக வேண்டும். நகர ஆட்சியில் அந்தக் குழுக்களுக்கு இருக்கை உண்டு. ஒவ்வொன்றுக்கும் கூடிக் குடிக்கவும் வழக்குப் பேசவும் சொந்தக் கூடம் உண்டு. மோல்ஸ்ஹைம் ஊரில் இறைச்சிக்காரர்கள் கட்டிய மண்டபம் இன்றும் சதுக்கத்தின் ராஜா மாதிரி நிற்கிறது. கீழே இறைச்சிக் கடைகள், மேலே கூட்ட அறை. பிரெஞ்சுப் புரட்சி 1791ல் இந்தக் குழுக்களை ஒரே சட்டத்தில் ஒழித்துக்கட்டியது.

வாசல் கல்லிலும் மூலைத் தூணிலும் ஆண்டு இருக்கும். 15ஆம் நூற்றாண்டு என்றால் கவனமாகப் படிக்க வேண்டும். அன்றைய 4 பாதி எட்டுபோல வளைந்திருக்கும், 7 தலைகீழ் V மாதிரி நிற்கும். பிற்கால வீடுகளில் கணவன் மனைவி இருவர் பெயரும் வரும். மனைவியின் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா வீட்டுக் குடும்பப் பெயர், ஜெர்மன் மொழியில் பெண்ணைக் குறிக்கும் ‘இன்’ விகுதியோடு. வரதட்சணையாக வந்த பணமும் அந்த உத்தரங்களில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம், பெயர் போடாமல் எப்படி? ரிக்வீரில் கீனர் வீடு என்று ஒன்று. 1574. முகப்பு உச்சியில் வழக்கமான வாசகத்தோடு ஒரு புடைப்புச் சிற்பம்: வீட்டைக் கட்டியவரைச் சாவு வந்து பிடிக்கிறது. புதுவீடு கட்டிக் குடிபோகிறவர் தன் வாசலில் இதைச் செதுக்கச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார். கொள்ளைநோய் அடிக்கடி வந்துபோன நூற்றாண்டு அது. ஆனாலும் தைரியம்தான்.

இப்போது அசல் கைவினைஞர் வீட்டுக்கு வருகிறேன். கொல்மாரில் தோல்காரர் குடியிருப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது, பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டு வீடுகள். ஒடுங்கிய, உயரமான வீடுகள், தண்ணீரை ஒட்டி. நிலத்தடி அறை கிடையாது, தோண்டினால் நீர் ஊறும். உச்சி மாடிகள் காற்றோட்டமாகத் திறந்திருக்கும், பதனிட்ட தோல்களை அங்கே தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். கீழே ஓடும் வாய்க்காலில் தோலை அலசுவார்கள். அந்தத் தெருக்களில் நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இப்போது அங்கே உட்கார்ந்து காபி குடிப்பவர்களைப் பார்க்கச் சிரிப்பு வரும். இந்த வீடுகளில் செதுக்கு வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நேரான தூண், நேரான சட்டம், தேவையான சாய்வுக் கட்டை, முடிந்தது. ஸ்ட்ராஸ்பூரில் தோல்காரர்களின் கூடம் 1572ல் கட்டியது, ஆற்றோரம் பிரமாதமாக நிற்கிறது. அது குழுவின் பெயரில் நிற்பது. தனித்தனித் தோல்காரர் வீட்டுக்கு அலங்காரம் கட்டுப்படியாகவில்லை. கைவேலையில் காலம் தள்ளியவர் வீடு வெறுமையாக இருக்கிறது. அதே தொழிலில் தொடங்கி, வெள்ளிக்கோ மொத்த வியாபாரத்துக்கோ தாவியவர் வீடு செதுக்கி நிற்கிறது. ஷெரர் தொப்பி செய்துகொண்டே இருந்திருந்தால் கொல்மாரில் நாம் படம் எடுக்க அந்த மூலையில் வேறு ஏதாவது நின்றிருக்கும்.

தச்சர் என்ன ஆனார்? அவருடைய கையெழுத்து இருக்கிறது, பார்க்கச் சொல்லி வைத்ததல்ல, அவ்வளவுதான். அல்சாஸ் வீட்டை முதலில் மனையில் கட்டுவதில்லை. தச்சர் களத்தில் தரையில் படுக்கவைத்து, ஒரு சுவரின் சட்டகம் முழுவதையும் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக வந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மரத்திலும் ஒரே எண்ணை வெட்டுவார்கள். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் எண்ணுக்கு எண் சேர்த்து நிமிர்த்துவார்கள். எண்கள் ரோமானிய மாதிரி. உளியால் நேர்கோடு போடுவது சுலபம், வளைவு போடுவது கஷ்டம். நான்குக்குப் பெரும்பாலும் நான்கு கோடுகள்தான். எந்தச் சுவர், எந்த மாடி என்று பிரித்துக் காட்ட எண்ணோடு ஒரு சின்ன வெட்டோ கொடியோ சேர்ப்பார்கள். பட்டறைக்குப் பட்டறை இதில் ஒரு கை வித்தியாசம் உண்டு. அநேகமாக வீட்டின் உள் பக்கமோ, பிறகு சுண்ணாம்பு மூடும் பக்கமோ இருக்கும். சில வீடுகளில் வெளியே தூணும் சட்டமும் சேரும் இடத்திலேயே தெரியும். மூலைத் தூணின் திராட்சைக் கொடியைப் பார்த்துவிட்டு, கண்ணை ஒரு அடி நகர்த்தினால் போதும்.

இந்த எண்கள் வெறும் பட்டறைக் குறிப்பு இல்லை. பிரித்து எடுத்துச் சேர்க்கலாம் என்பதால், மர வீடு பழைய வழக்கில் அசையும் சொத்தாகவே எண்ணப்பட்டது. நிலம் ஒருவருக்கு, அதன் மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கு என்று இருக்கலாம். வீட்டை விற்றால் வாங்கியவர் கழற்றிக்கொண்டு போகலாம். செதுக்கிய மூலைத் தூண்கூட வேறு ஊரில் போய் நின்றதுண்டு. ஆகவே தூணில் இருக்கும் ஆண்டை அந்த வீட்டின் வயது என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓக்கின் ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய காலத்தைக் கண்டுபிடிக்கும் முறை வந்த பிறகுதான் பல வீடுகளின் உண்மை வயது தெரிந்தது.

இவ்வளவும் மிஞ்சியதே பெரிய விஷயம். முப்பதாண்டுப் போர் 1618க்கும் 1648க்கும் நடுவில் அல்சாஸைச் சூறையாடியது. அதன் முடிவில் அல்சாஸின் பெரும்பகுதி பிரெஞ்சு மன்னர் கைக்கு வந்தது, 1681ல் ஸ்ட்ராஸ்பூரும் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மோகத்தில் கல் வீடுதான் நாகரிகம் என்று ஆகி, பல மர முகப்புகளின் மேல் சுண்ணாம்பை அப்பி மூடினார்கள். பூச்சு பிடிக்க மரத்தைக் கோடரியால் கொத்துவார்கள். பூச்சி அரித்த மாதிரி அந்தக் கொத்துகளை இன்றும் பல தூண்களில் பார்க்கலாம். அதற்கு அப்புறம் இரண்டாம் உலகப் போரில் 1944–45 குளிர்காலச் சண்டை. கொல்மார் பிப்ரவரி 1945ல் பெரிய சேதமில்லாமல் விடுபட்டது. சில கிலோமீட்டர் தள்ளி அம்மர்ஷ்விர், பென்விர், சிகோல்ஷைம் எல்லாம் தரைமட்டம். அந்த ஊர்களிலும் பீப்பாய்க்காரர் வாசல்களும் செதுக்கிய மூலைகளும் இருந்தன. இன்று அங்கே ஐம்பதுகளில் கட்டிய, நேர்த்தியான, சற்று வெறிச்சென்ற தெருக்கள். ரிக்வீருக்குப் போகிறவர்கள் அம்மர்ஷ்விருக்கும் ஒரு நடை போய்வர வேண்டும், அப்போதுதான் ரிக்வீர் என்ன மாதிரி அதிர்ஷ்டம் என்று தெரியும்.

போருக்குப் பிறகு அழித்தது வேறு. அறுபது எழுபதுகளில் கிராமத்துக்காரர்களுக்கே பழைய வீடு சலித்துவிட்டது. இருட்டு, தாழ்ந்த கூரை, குளியலறை கிடையாது. புல்டோசர் வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த வீடுகளில் குளிர்காலம் கழித்தவர்கள் அவர்கள். மார்க் க்ரோட்வோல் என்பவரும் சில இளைஞர்களும் இடிக்கப் போகும் வீடுகளைக் கட்டை கட்டையாகக் கழற்றிக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அதிலிருந்து உருவானதுதான் உங்கர்ஸ்ஹைமில் 1984ல் திறந்த அல்சாஸ் சூழல் அருங்காட்சியகம். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், வேறு வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, ஒரு கிராமமாக நிறுத்தியவை. பழைய தச்சர் போட்ட எண்கள் அந்த வேலையில் மறுபடி பயன்பட்டன.

கொல்மாரில் நாலு மாடி உயரத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியது இங்கே முகத்துக்கு நேரே இருக்கும். செதுக்கல்கள் கம்மர்செல் அளவுக்கு இல்லை. ஆனால் பின்னிய மிலாறு, வைக்கோல் மண், மர ஆணி, மூட்டில் கோடு கோடாக வெட்டிய எண் எல்லாம் தொட்டுப் பார்க்கிற தூரத்தில். கொல்மாரிலிருந்து தெற்கே காரில் அரை மணி நேரம். முதலில் இங்கே வந்துவிட்டு அப்புறம் ஃபிஸ்டர் வீட்டுக்குப் போவதுதான் என் சிபாரிசு. டிசம்பரில் கொல்மார் பக்கம் தலைவைக்காதீர்கள், கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தில் மூலைத் தூண் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். வசந்தகாலத் தொடக்கம் நல்லது. சாய்ந்து விழும் வெயிலில் ஆழமில்லாத செதுக்கலும் எழுந்து நிற்கும். அருங்காட்சியகத்தை மட்டும் குளிர்காலத்தில் கொஞ்ச நாள் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.